நூறுகாய் அண்ணன் ஒரு கேன் ஆயில் விற்ற விதம்

போடிநாயக்கனூரில் ஒரு கேன் எஞ்சின் ஆயில் வாங்கும் நேரத்தில் பெண் பார்த்து, பேசி முடித்து, பத்திரிகையும் அடித்துவிடலாம். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நூறுகாய் அண்ணன் கடைக்குப் போகாதவர்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு "சரக்கைக் குடுங்கண்ணே, ஓடிப்போயிர்றேன்" என்று கெஞ்சுகிற ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் பாடம் நடத்தி, அதற்கப்புறம் கேனைக் கண்ணில் காட்டுகிற வியாபாரி மலைக்கு இந்தப் பக்கமும் கிடையாது, கேரளாவைச் சேர்ந்த அந்தப் பக்கமும் கிடையாது. அவர் ஒருத்தர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்துகிற ஜீப்பு டிரைவர்கள் யாருக்கும் தெரியாது. போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையில் இருந்த அந்தக் கடையின் பலகையில் "ஆயில் கடை" என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய். கத்திரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் வெறும் காய்கறி. அண்ணனிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது, அதற்குள் நூறு காய் என்று கணக்கு. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

"என்ன வெலைண்ணே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. டின்னைத் திறந்து மேசையில் கொட்டுவார்.

"இந்த நூறு காயும் ஒரு கேனோட முழு வெலைன்னு வச்சுக்க. இப்ப இது யார் யாருக்குப் போகுதுன்னு பாரு."

பிறகு சந்தையில் கிழங்கைக் கூறு வைப்பதுபோல வைக்க ஆரம்பிப்பார். முதல் கூறுதான் இருப்பதிலேயே பெரிசு. "இது மூல எண்ணெய்க்கு. பூமிக்கடியில இருந்து எடுத்து, கப்பல்ல கொண்டாந்து, ஆலையில காய்ச்சி எறக்குறான்ல, அதுக்கு. கப்பல்காரன் வெலைய ஏத்துனா இந்தக் கூறு வீங்கும்." அடுத்த கூறு மருந்துக்கு. "வெறும் எண்ணெய் மலையேறாது அப்பு. சூட்டுல தண்ணியாப் போகாம இருக்க ஒரு மருந்து, இரும்பு தேயாம இருக்க ஒரு மருந்து, கரியை அள்ளிக்கிட்டு வர ஒரு மருந்து. இம்புட்டும் கலக்கணும்." அப்புறம் கேனுக்கு, மூடிக்கு, சீலுக்கு, அட்டைப்பெட்டிக்கு. மதுரையில் இருந்து வருகிற லாரிக்கு. மொத்த வியாபாரிக்கு. அரசாங்க வரிக்கு. மூடிக்குள்ளே மெக்கானிக்குக்காக ஒளித்துவைத்த கூப்பனுக்கு ஒரு சின்னக் கூறு.

சுவரில் ஒட்டிய விளம்பரப் படத்தில் கேனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நடிகருக்கும் மூன்று காய் உண்டு. "அவரு வீட்டு வண்டிக்கு எந்த எண்ணெய ஊத்துறாரோ, யாரு கண்டா? ஆனா சிரிச்சுட்டாருல்ல, குடுத்துத்தான் ஆகணும்."

கடைசியில் நாலைந்து காய் மிஞ்சும். அதுதான் கடைக்காரர் கூறு. நமக்கு மூச்சு வரும், முடிந்தது என்று எழுந்திருப்போம். "உக்காரு, எங்க போற?" என்று அந்த நாலைந்தையும் பிரிப்பார். கடை வாடகைக்கு ஒன்று, கரண்டு பில்லுக்கு ஒன்று, வர்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற டீக்கு ஒன்று. ஒரே ஒரு காய் பாக்கி நிற்கும். அந்தக் காய் மட்டும் டின்னில் இருந்து வருவதில்லை. சட்டைப்பையில் இருந்து எடுத்துவைப்பார். டின்னில் இருந்த மற்ற தொண்ணூற்றொன்பதும் வருடக்கணக்காக ஆயில் கையால் புரண்டு கறுத்துப்போனவை. சட்டைப்பைக் காய் மட்டும் தினமும் புதுசு, நல்ல பச்சை. "என் லாபம் இம்புட்டுத்தான்" என்று சொல்லி அதை வாயில் போட்டு மெல்லுவார். அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கம் கை போகும்.

பேரம் பேசுகிறவர்களுக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். விலை குறைக்கச் சொன்னால் கோபப்பட மாட்டார். கூறுகளைக் காட்டி, "ஒங் கையால நீயே ஒரு காயை எடு, கொறைச்சுத் தர்றேன்" என்பார். எடுக்கிறவன் முழிப்பான். லாரிக்காரன் காயை எடுத்தால் சரக்கு வராது, மருந்துக் காயை எடுத்தால் எஞ்சின் தாங்காது. ஒருத்தன் புத்திசாலித்தனமாக நடிகர் காயில் கை வைத்தான். "அவரு சிரிச்சு முடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு தம்பி, இனிமே எப்படித் திரும்ப வாங்குவ?" என்று கேட்டு அதையும் பிடுங்கிக்கொண்டார். ஒரு முறை வரி ஆபீசர் ஒருவர் தன் பைக்குக்கு ஆயில் வாங்க வந்து, பழக்கதோஷத்தில் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் ரொம்ப மரியாதையாக, "ஐயா, ஒங்க கூறுலயே எடுத்துரட்டுமா?" என்றார். ஆபீசர் முழு விலை கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

அரசாங்கம் வரி முறையை மாற்றிய சமயத்தில் அண்ணன் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டார். யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று போய்ப் பார்த்தால், உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து கூறுகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். "பழைய கூறை வச்சுக்கிட்டு ஆளுகளுக்குப் பொய் சொல்லச் சொல்றியா?" என்று என்னையே ஏசினார்.

மலைக்கு மேலே தோட்டத்தில் வண்டி ஓட்டுகிற ஒரு மலையாளத்துக்காரர் தெரியாமல் வந்து மாட்டினார். நாலாவது கூறிலேயே போதும் என்று மலையாளத்தில் "மதி சேட்டா, மதி" எனக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னும் லாரியே வரலை, அதுக்குள்ள மதியா?" என்றார் அண்ணன். அந்த ஆள் எழுந்து ஓடியே போனார். காசு மேசையில் கிடந்தது. அண்ணன் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் ஓடி, பஸ்சுக்குள் ஏறி, மிச்சக் கூறுகளைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேனைக் கொடுத்தார். பஸ்சு கால் மணி நேரம் தாமதம்.

இந்த மனிதருக்கு நான் செய்த துரோகத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டு, அதாவது வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. என் அக்கா புருஷனுக்குச் சொந்தமாக ஒரு ஜீப்பு இருந்தது. காலையில் போடியில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திருப்பிக் கூட்டி வரவேண்டும். அக்கா, மச்சான், இரண்டு பிள்ளைகள், அத்தனை பேர் சாப்பாடும் அந்த ஜீப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் வயலில் வாழைத்தார் சுமந்து வரும்போது வரப்பில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்தபடி சாவியை என் கையில் கொடுத்தார்.

"மாப்ளே, எனக்கு ரெண்டு காலு. ஒண்ணு ஒடிஞ்சு கெடக்கு. இன்னொண்ணு வாசல்ல நிக்குது. அதையாச்சும் முழுசாத் திருப்பிக் குடு."

மூன்று மாதம். ஜீப்பை முழுசாகத் திருப்பிக் கொடுப்பதுதான் என் சோலி. ஆயில் விஷயத்தில் மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், நூறுகாய் அண்ணன் கடையைத் தவிர வேறெங்கும் வாங்கக் கூடாது என்று.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்தது. ஜீப்பு நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, புதுக் கேனில் புது ஆயில், பாதி விலை என்று ஒருத்தன் கூவினான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் காயைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பி, தேய்த்து, மோந்து பார்த்து, பச்சையாக இருந்தால் முதல் தரம், வெளுத்திருந்தால் தள்ளு. பரம்பரையாகக் காய் வாங்கி விற்கிற ஊர். கண்ணும் மூக்கும் அப்படிப் பழகிவிட்டன.

அந்த ஆயில் இருந்ததே, அடேயப்பா, இலைப்பச்சை! ஒவ்வொரு டிரைவராக உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார்கள். "எட்டு எம்.எம். காய் கணக்கா என்னா பச்சைடா!" என்று ஒருத்தன் உசத்திக் காயின் அளவைச் சொல்லி வியந்தான். காய் ஏலம் விடும் மையத்தில் தட்டில் வைத்துப் பார்ப்பதுபோல் இன்னொருத்தன் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான். ஒரு இயந்திர எண்ணெய் பச்சையாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பி.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை. நானும் தேய்த்து மோந்து பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சத்தம் கேட்டு நூறுகாய் அண்ணன் டின்னோடு ஓடிவந்தார். அவர் பச்சையைப் பார்க்கவில்லை, மோந்தும் பார்க்கவில்லை. விலையை மட்டும் கேட்டார். பாதி என்றதும், துண்டை விரித்து ஐம்பது காயை எண்ணி வைத்தார்.

"டப்பா, மூடி, அட்டைப்பெட்டி. அதுல கொறைக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே வெலைதான். வேன் வாடகை. ஒனக்கு ஒரு கூறு. வரி கட்டுறியா தம்பி?"

வேன்காரன் மலையைப் பார்த்தான்.

"சரி, கட்டலைன்னே வச்சுக்குவோம், அந்தக் காயையும் திருப்பித் தந்துர்றேன். இப்ப எண்ணுங்கடா. உள்ள இருக்குற எண்ணெய்க்கும் மருந்துக்கும் சேர்த்துப் பதினஞ்சு காய் கெடக்கு. எங்கிட்ட எண்ணெய்க்கு மட்டும் எத்தனைன்னு பாத்திருக்கீக. பதினஞ்சு காய்க்கு எவன்டா எண்ணெய் குடுப்பான்? இந்த வெலைக்குள்ள எண்ணெய் நொழைய எடமே இல்லடா!"

"பொறாமைண்ணே ஒங்களுக்கு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். துண்டைச் சுருட்டும்போது ஒரு காய் உருண்டு வேனுக்கு அடியில் போய்விட்டது. அண்ணன் மண்ணில் படுத்து, கையை நீட்டித் துழாவி எடுத்தார். அறுபது வயதை நெருங்கிய மனிதர். ஒருத்தரும் குனியவில்லை. நானும் குனியவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் ஆயில் மாற்ற வேண்டிய நாள். பெண்கள் ஆறு மணிக்கே வந்து நின்றுவிடுவார்கள். அண்ணன் கடைக்குப் போனால் முக்கால் மணி நேரம் போய்விடும். எனக்கு நானே இப்படி ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு பச்சை ஆயிலை வாங்கி ஊற்றினேன். கடை முன்னால் வண்டியைத் திருப்பும்போது அண்ணன் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க ஒரு ஜீப்புகூட அங்கே நிற்கவில்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மலையேறிக்கொண்டிருந்தேன். உள்ளே பதினான்கு பெண்கள். எனக்குப் பக்கத்தில் எப்போதும் ராசாத்தியக்கா உட்காரும். தோட்டத்தில் அதுதான் எல்லாருக்கும் மூப்பு. வாயைத் திறந்தால் ஜீப்பே சிரிக்கும்.

"என்னப்பு, ஒன் ஜீப்பு இருமுது?"

"ஒண்ணுமில்லக்கா, ஏத்தம்ல."

"ஏத்தத்துக்கு இப்படி இருமாது. எங்க வீட்டுக்காரரு பீடி குடிச்சுட்டு இருமுற மாதிரியே இருமுது. நிப்பாட்டு."

இன்னும் இரண்டு வளைவு போய்விடலாம் என்று பார்த்தேன். மீட்டர் பக்கத்தில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. கடகடவென்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். பச்சையும் இல்லை, எண்ணெயும் இல்லை. பால் ஊற்றாத டீ மாதிரி என்னவோ சொட்டியது. மச்சானின் இன்னொரு காலையும் நான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா முகம் வந்து நின்றது. பி.ஏ. பட்டதாரி நடுரோட்டில் அழுதுவிட்டேன், எதற்கு மறைக்க வேண்டும்?

பெண்கள் இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே இருந்து ஒரு மொபெட்டுச் சத்தம் கேட்டது. முக்கி முனகி, ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தது. இரண்டு பக்கமும் கேன்கள் தொங்கின. நடுவில் நூறுகாய் அண்ணன்.

"இஞ்சினை நிப்பாட்டிட்டியா?"

"நிப்பாட்டிட்டேன்ணே. ராசாத்தியக்காதான் நிப்பாட்டச் சொல்லுச்சு."

"அப்பப் பொழைச்சுச்சு. நகரு."

ஜீப்புக்கு அடியில் படுத்து ஸ்பேனரைப் போட்டார். அந்தச் சாயத் தண்ணீரைப் பழைய கேனில் பிடித்தார். "ரோட்டுல ஊத்தாத, கீழ நம்ம ஊருதான் குடிக்கும்" என்று படுத்தபடியே என்னை அதட்டினார். எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கடையில சோலி இல்ல. சும்மா உக்காந்து, பதினஞ்சு காய் எண்ணெய் எத்தன தடவ மலையேறும்னு கணக்குப் போட்டேன். எந்தெந்த வண்டி என்னைக்கு ஊத்துச்சுன்னு எனக்குத் தெரியும்ல. ஒனக்கு இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குன்னு வந்துச்சு. அதான் வெரசா வந்தேன்."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போன காலையில், அவர் என் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

எண்ணெய் வடிகிற வரைக்கும் ராசாத்தியக்கா சும்மா இருக்குமா? "ஏண்ணே, எண்ணெய்க்கு இம்புட்டுக் கூறு போடுறீகளாமே. நாங்க பறிக்கிற காய்க்கும் ஒரு கூறு போடுங்க. ஒரு கிலோவுல எங்க கூறு எம்புட்டு?"

அண்ணன் அடியில் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அது எனக்குத் தெரியும் ஆத்தா. சொன்னா நாளைக்கு ஒருத்தியும் மலையேற மாட்டீக. இந்தப் பயலுக்குச் சவாரி இருக்காது."

பெண்கள் சிரித்த சிரிப்பு எதிர் மலையில் போய் மோதியது. ராசாத்தியக்கா மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தது.

புது ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு முனகல். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. சத்தம் ஒரே சீராக வந்தது. அண்ணன் காதை வைத்துக் கேட்டார், சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார், அப்புறம்தான் நெற்றியைத் துடைத்தார். நான் பர்சை எடுத்தேன்.

"உள்ள வை."

"வெலைண்ணே..."

"டின்னு கடையில இருக்கு. கூறு போட்டுக் காட்டாம ஒருத்தங்கிட்டக் காசு வாங்குனா அது திருட்டுக் காசு. சாயங்காலம் வா."

பழக்கத்தில் சட்டைப்பையில் இருந்து அந்தப் பச்சைக் காயை எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். மூக்கும் கண்ணும் ஒழுக நின்றிருந்தேன். காயை என் கையில் வைத்தார். "இந்தா, இதை மென்னுக்கிட்டே ஓட்டு. மனசு பதறுனா வண்டியும் பதறும்." மறுபடி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு, இன்னொரு கேனோடு மேலே போனார். அவர் கணக்கில் அன்றைக்கு இன்னொரு ஜீப்பும் இருந்தது.

சாயங்காலம் கடைக்குப் போனால், அங்கே எனக்கு முன்னாலேயே ஆறு டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரனைக் காணோம், எந்தப் பக்கம் போனான் என்றும் தெரியவில்லை. பொறாமை என்று சொன்னவன்தான் முதல் வரிசையில் இருந்தான். அண்ணன் ஒருத்தரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. டின்னைத் திறந்தார். மூல எண்ணெய், மருந்து, டப்பா, லாரி, வரி, சிரிக்கிற நடிகர் என்று ஒன்றையும் விடாமல் அடுக்கினார். இடையில் ஒருத்தன்கூட மணி பார்க்கவில்லை. ஒரு காய் உருண்டு கீழே விழுந்தது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து மண்டையை முட்டிக்கொண்டோம்.

கடைசிக் கூறுக்கு வந்தார். வாடகை, கரண்டு, டீ. பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டார். துழாவினார். பை காலி. என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு லாபத்தை இவன் தின்னுட்டான்டா" என்றார்.

மூன்றாம் மாதம் மச்சான் கட்டைப் பிரித்து எழுந்து நடந்தார். ஜீப்பைச் சுற்றி வந்து, முன்மூடியைத் திறந்து, குச்சியை உருவிப் பார்த்து, "பரவாயில்ல மாப்ளே, முழுசாத்தான் குடுத்திருக்க" என்றார். மலையில் நடந்தது இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியவரும்.

எனக்கு அதற்கப்புறம் மதுரையில் வேலை கிடைத்துவிட்டது. இன்றுவரை சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை, பஸ்சிலும் ரயிலிலும்தான் போக்குவரத்து. ஆனாலும் போடிக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்தக் கடைக்குப் போகிறேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஒரு கேன் என்ன வெலைண்ணே?" என்று கேட்கிறேன். எனக்கு வண்டி இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டின்னைத் திறக்கிறார்.